கட்டிலோரம் தொங்கிய பை

சென்ற ஆண்டு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டபோது, பதினோரு நாள்கள் அவருடைய கட்டிலின் அருகே பாய் விரித்துப் படுத்திருந்தேன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அது நன்றாகவே நடந்தது. நான் எழுத நினைப்பது அதற்குப் பிறகு, ஆறு கட்டில்கள் போட்ட பொது வார்டில் நடந்ததைப் பற்றி.

அறுவைக்கு முன்பே அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். அதன் மறுமுனையில் இருந்த பை கட்டிலின் கம்பியில் தொங்கும். பை நிரம்பினால் அடியிலுள்ள திருகைத் திறந்து காலி செய்ய வேண்டியது கூட இருப்பவரின் வேலை. அதை எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகனைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கழிப்பறைக் கதவோரம் விளிம்பு உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் மக் ஒன்று இருந்தது. ஆறு கட்டில்களுக்கும் அது ஒன்றுதான். ஒருவர் காலி செய்துவிட்டுத் தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வைப்பார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பையின் வாய் அந்த விளிம்பில் இடிக்காமல் காலி செய்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை; நானும் இடித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது, பையைக் கம்பியிலிருந்து கழற்றி அப்பாவின் வயிற்றின் மேல் வைத்தார் வார்டு ஊழியர். கீழே தொங்கினால் சக்கரத்தில் மாட்டும் என்ற அக்கறையில் செய்ததுதான், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பை சிறுநீர்ப்பையைவிட உயரத்துக்குப் போனால் வெளியே வந்த நீர் திரும்ப உள்ளே இறங்கும். குழாய் பையில் சேரும் இடத்தில் தடுப்பு வால்வு இருந்தாலும், நீளக் குழாயில் தேங்கி நிற்கும் நீரை அதனால் நிறுத்த முடியாது.

ஆறாம் நாள் மாலை அப்பாவுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. சிறுநீர் கலங்கலாக இருந்தது. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலை என்று வந்தது. நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் அதே கிருமிதான், இடம் மாறினால் ஆளைப் படுக்க வைத்துவிடுகிறது.

அன்றிரவுப் பணியில் இருந்த மூத்த செவிலியர்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். குழாயின் உட்புறத்தில் கிருமிகள், தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பதுபோல் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன; அதற்குள் பதுங்கியவற்றை ஆன்டிபயாடிக் எளிதில் எட்டுவதில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் சிறுநீரைத் திறந்த பாட்டிலில் வடியவிட்டார்கள், நான்கு நாள்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் கிருமி ஏறிவிடும். குழாயும் பையும் இடையில் எங்கும் திறக்காத மூடிய அமைப்பு எவ்வளவு பாதுகாப்பு என்பது 1960களில்தான் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. அந்த மூடிய அமைப்பிலும் மிச்சமிருக்கும் வாசல்களில் ஒன்று பையின் அடித்திருகு. அதைத்தான் நாங்கள் உடைந்த மக்கின் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தோம்.

“நாளைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, இந்தக் குழாய் இன்னும் வேணுமான்னு நீங்களே கேளுங்க தம்பி” என்றார். கேட்டேன். மருத்துவர் ஒரு கணம் கோப்பைப் புரட்டினார், அன்று மதியமே குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாளே கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

கை கழுவுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வார்டுக்கு ஒரே வாஷ்பேசின், அதுவும் வாசலருகே. பையைக் காலி செய்த பிறகு எல்லோரும் தவறாமல் கை கழுவினோம், அருவருப்பே போதுமான காவல். ஆனால் பையைத் தொடுவதற்கு முன் கழுவியவர் யாருமில்லை. பின்னால் கழுவுவது நமக்காக, முன்னால் கழுவுவது படுத்திருப்பவருக்காக. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து கைத்தூய்மைத் தருணங்களில் முதல் இரண்டும் ‘முன்’ என்றே தொடங்குகின்றன. கையுறைக்கும் இதே கதைதான். ஒரே கையுறையோடு மூன்று கட்டில்களைச் சுற்றிவந்தால், அது அணிந்தவரை மட்டுமே காக்கும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சானிடைசர் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தால் இருபது, முப்பது விநாடி தேய்க்க யாரும் மறுத்திருக்க மாட்டோம். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

வீடு திரும்புவதற்கு முதல் நாள் எதிரிலிருந்த பிளாஸ்டிக் கடையில் ஆறு மக் வாங்கி, அழியாத மையில் கட்டில் எண்களை எழுதி வைத்துவிட்டு வந்தேன். தையல் பிரிக்கப் போனபோது வார்டை எட்டிப் பார்த்தேன். மூன்று காணாமல் போயிருந்தன, ஒன்று குளியலறை வாளியில் மிதந்தது. மற்ற இரண்டும் அந்தந்தக் கட்டிலடியில் இருந்தன. ஒன்றில் அழிந்துபோன எண்ணின்மேல் யாரோ பேனாவால் திரும்ப எழுதியிருந்தார்கள்.