கூப்பனில் இல்லாத நிபந்தனை

ஆன்லைனில் தள்ளுபடி கூப்பன் வாங்கிக்கொண்டு பஃபே சாப்பிடப் போனால், "ஞாயிற்றுக்கிழமை செல்லாது சார்" என்றார் கல்லாவில் இருந்தவர். கூப்பனில் அப்படி ஒரு வரியே இல்லை. காட்டினேன். "ஆப்காரங்ககிட்ட கேளுங்க" என்று கையை விரித்தார். ஆப்பில் கேட்டால், ஓட்டலில் கேளுங்கள் என்று பதில். நல்ல பந்தாட்டம்!

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும் (இருக்கும், அடியில், பொடி எழுத்தில்). புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் சாட்பாட்டோடு மல்லுக்கட்டாமல் நேராக அவருக்கே மெயில் போட்டேன். வாங்கும்போதே எடுத்துவைத்த நிபந்தனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, இரண்டையும் இணைத்தேன். முழுப் பணமும் வந்துவிட்டது. "நல்லெண்ண அடிப்படையில்" தருகிறார்களாம்!

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அப்புறம் இருக்கவே இருக்கிறது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது.