போலீஸ் ஹிப்னாசிஸ்: சாட்சியாகப் போய் நான் பட்ட பாடு

மறந்ததை நினைவுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி, சாட்சியை அரைமயக்க நிலைக்குக் கொண்டுபோய்ப் போலீஸ் விசாரிக்கும் ஹிப்னாசிஸ் தொல்லை, அமெரிக்காவின் டெக்சாஸில் இன்று இல்லை. மாநிலக் காவல்துறை 2021 ஜனவரியில் தன் ஹிப்னாசிஸ் திட்டத்தையே நிறுத்திவிட்டது. விசாரணைக்காகப் போலீஸ் நடத்திய ஹிப்னாசிஸில் கிடைத்த சாட்சியத்தைக் குற்ற வழக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2023-இல் சட்டமும் வந்துவிட்டது. நான் மாட்டியது 2018-இல். மற்ற மாநிலங்களில் விதி ஒரே மாதிரி இல்லை என்பதாலும், ஹிப்னாசிஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாட்சியாகப் போகும் யாருக்கும் இதில் பாதியாவது உதவும் என்பதாலும் எழுதுகிறேன்.

டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர். இந்திய மளிகைக்கடையின் பார்க்கிங்கில் ஒருவன், வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கீழே தள்ளி, தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடினான். விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் நாலைந்து கார் தள்ளி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். 911, ஆம்புலன்ஸ், அங்கேயே ஒரு பக்கத்தில் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம், எல்லாம் மளமளவென்று முடிந்தது.

அன்று இரவு என் மனைவி சொன்ன ஒரு விஷயத்தைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்: "மறக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் உங்களுக்கே ஒரு மெயிலா அனுப்பி வெச்சுக்குங்க." தமிழும் ஆங்கிலமும் கலந்து அனுப்பினேன். வெள்ளைச் சட்டை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து ஓடியது, கருநீல நிறச் சின்னக் கார், எண் பலகையைப் பார்க்கவில்லை. எதையும் அழகுபடுத்தவில்லை. தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிட்டன. இந்த மொத்தக் கூத்தில் கடைசிவரை உதவியது அது ஒன்றுதான்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் டிடெக்டிவ் கூப்பிட்டார். "எண் பலகை உங்கள் கண்ணில் பட்டிருக்கும், நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஹிப்னாசிஸ் செய்து பார்க்கலாமா? கட்டாயமில்லை." அந்த அம்மா வாக்கரோடு நடக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு எப்படி மறுப்பது? ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "வெத்தலையில மை போட்டுப் பாக்குற மாதிரியாடா?" என்று கேட்டார். அப்போது சிரித்தேன்.

முதலில் அலுவலக விடுப்பு. நீதிமன்ற சம்மன் இருந்தால், அதற்குக் கீழ்ப்படிந்து போனதற்காக டெக்சாஸில் வேலையை விட்டுத் தூக்க முடியாது. இது சம்மன் இல்லை, "தன்னார்வ" விசாரணை. மேனேஜர் கடிதம் கேட்டார். போலீஸ் நிலைய முகப்பில் இருந்தவர், "இதற்கெல்லாம் கடிதம் தருவதில்லை" என்று சொல்லிவிட்டுக் கணினித் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சொந்த விடுப்பில்தான் போனேன். நீங்கள் போவதாக இருந்தால் டிடெக்டிவிடம் ஒரு வரி மின்னஞ்சலாவது முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். முகப்பில் நின்று பயனில்லை.

முதல் பயணம் தண்டம். என் பெயரைப் பார்த்து யாரோ மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் கேட்கவே இல்லை. வந்தவர் இந்தி மொழிபெயர்ப்பாளர்! எனக்கு இந்தியில் நலம் விசாரிக்கக்கூட வராது. அவருக்குத் தமிழ் தெரியாது. பாவம், நல்ல மனிதர், இரண்டு பேரும் ஆங்கிலத்தில் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் இல்லாமலே நடத்தலாமே என்றேன். அறையில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதெல்லாம் பதிவாக வேண்டும், திட்டத்தை மாற்றினால் மேலே கேட்க வேண்டும் என்று வேறு நாள் குறித்தார்கள்.

அடுத்த முறை காகிதம் காணோம். டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் ஸானி என்ற வழக்கில், ஹிப்னாசிஸுக்குப் பிறகு ஒரு சாட்சி சொல்வதை நம்பலாமா என்று எடைபோடப் பல அம்சங்களைப் பட்டியலிட்டது. நடத்துபவரின் பயிற்சி என்ன, அவர் புலனாய்வுக்கு வெளியாளா, அவருக்கு முன்கூட்டி என்ன சொல்லப்பட்டது, சாட்சியோடு பேசியதெல்லாம் பதிவாகியிருக்கிறதா, கேள்வியிலேயே பதில் ஒளிந்திருந்ததா, இப்படிப் போகும். அதில் ஒன்று, ஹிப்னாசிஸுக்கு முன்பு சாட்சிக்கு என்ன நினைவிருந்தது என்ற பதிவு. நான் பார்க்கிங்கில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கம் கோப்பில் இல்லை! ஹிப்னாசிஸ் நடத்த வேறு ஊரிலிருந்து வந்திருந்த அதிகாரி, அது இல்லாமல் நாற்காலியில் உட்காரவைக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். எனக்கு எரிச்சல்தான், ஆனால் அந்தக் கட்டடத்தில் விதி தெரிந்த ஒரே ஆள் அவர்.

ஆவணப் பிரிவு ஜன்னலில் கேட்டால், நடப்பு வழக்கு, பிரதி தர முடியாது என்றார்கள். அம்மணி, நான் எழுதியதுதானே, எனக்கு வேண்டாம், மாடியில் இருக்கும் உங்கள் டிடெக்டிவிடம் கொடுங்கள் என்றேன். இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். கடைசியில் வேறொரு சம்பவ எண்ணின் கீழ் ஸ்கேன் ஆகியிருந்ததாகக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சந்தடியில் என் மின்னஞ்சலையும் கோப்பில் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததற்கு ஒப்புகையும் வாங்கினேன்.

இனி ஹிப்னாசிஸ். சினிமாவில் வருவதுபோல் ஊசலாடும் கடிகாரம் எதுவும் இல்லை. சாய்வு நாற்காலி, மங்கிய விளக்கு, முக்காலியில் ஒரு கேமரா. சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார், படியிறங்குவதாக நினைத்துக்கொண்டு இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். தூக்கம் வரவில்லை. தெருவில் போன லாரிச் சத்தம்கூடக் கேட்டது. உடம்பு மட்டும் கனத்துவிட்டது. அப்புறம், "உங்கள் முன்னால் ஒரு டிவி, கையில் ரிமோட். அன்று மாலை நடந்தது ஓடுகிறது. நிறுத்தலாம், பெரிதாக்கலாம்." லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் இருந்த உளவியலாளர் மார்ட்டின் ரைசர் 1970-களில் பரப்பிய முறை இது என்று பிறகு படித்தேன். நினைவு டேப் மாதிரிப் பதிவாகியிருக்கும், ஓட்டிப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கைதான் அதன் அடிப்படை. அந்த நம்பிக்கையே தப்பு.

நான் பெரிதாக்கினேன். எண் பலகை வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் பின் கண்ணாடியின் ஓரத்தில் வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் பளிச்சென்று வந்தது. இடம் வலம்கூடச் சொன்னேன். வெளியே வந்ததும் டிடெக்டிவ் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமைதான். அந்த ஸ்டிக்கரை இப்போது கண்ணை மூடினாலும் பார்க்க முடிகிறது.

சில வாரங்கள் கழித்துப் பக்கத்துப் பெட்ரோல் பங்கின் கேமராப் பதிவு கிடைத்தது. கார் கருநீலம், ஆள் இடது காலை இழுக்கிறான், சட்டை வெள்ளை. பின் கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. ஸ்டிக்கரும் இல்லை, ஒட்டிய தடமும் இல்லை.

எண் பலகை பாதி தெரிந்ததால் ஆளைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தது கேமரா, நான் இல்லை. ஆனால் ஹிப்னாசிஸ் நடந்துவிட்டதால், என்னை சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா என்பதற்கே ஜூரி இல்லாமல் தனி விசாரணை. ஹிப்னாசிஸ் என் நினைவைக் கெடுக்கவில்லை என்று அரசுத் தரப்பு தெளிவாக நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் ஹிப்னாசிஸ் வீடியோவை ஓடவிட்டார். தொடங்குவதற்கு முன் எனக்குத் தைரியம் கொடுப்பதற்காக அந்த அதிகாரி ஒரு கதை சொல்லியிருந்தார்: 1976-இல் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகளைக் கடத்தியபோது, ஓட்டுநர் ஹிப்னாசிஸில் கடத்தல்காரர்களின் வேன் எண்ணை ஓர் இலக்கம் தவிர மற்றதெல்லாம் சரியாகச் சொன்னார் என்று. கதை உண்மைதான். "கார்ப் பின்பக்கத்தில் ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், இல்லையா?" என்று வக்கீல் கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

அதே கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1982-இலேயே ஹிப்னாசிஸுக்கு ஆளான சாட்சிகளுக்குக் கதவைச் சாத்தியது என்பதை அந்த அதிகாரி எனக்குச் சொல்லவில்லை. பிறகு அங்கே வந்த சட்டம், ஹிப்னாசிஸுக்கு முன்பே பதிவாகியிருந்த நினைவை மட்டும் சொல்ல விடுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-இல் சொன்னதும் இதே கோணம்தான்: கூடுதலாக வரும் நினைவில் சரியும் தப்பும் கலந்திருக்கும், சாட்சியின் உறுதி மட்டும் ஏறிவிடும். என் மஞ்சள் ஸ்டிக்கர்! ஃபிஷர், கைசல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள், எந்த மயக்கமும் இல்லாமல், இடத்தை மனதில் கொண்டுவந்து, குறுக்கிடாமல் பேசவிட்டு, பின்னாலிருந்து முன்னாகவும் சொல்லச் செய்யும் விசாரணை முறையை 1980-களிலேயே உருவாக்கிவிட்டார்கள். 2018-இல் எனக்கு அதை யாரும் செய்து பார்க்கவில்லை.

விசாரணையில் மின்னஞ்சல்தான் மானத்தைக் காப்பாற்றியது. தேதி, நேரம், வெள்ளைச் சட்டை, இடது கால், எல்லாம் நாற்காலிக்கு முந்தியவை. ஸ்டிக்கரைப் பற்றிப் பேச மாட்டோம் என்று அரசு வக்கீல் தானாகவே விலகிக்கொண்டார். மின்னஞ்சலில் இருப்பதை மட்டும் நான் சொல்லலாம் என்றார் நீதிபதி. வழக்கு ஜூரி வரை போகவில்லை, அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொண்டான். தாலிக்கொடி கிடைக்கவில்லை.

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால், முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். உங்களுக்கு நினைவிருப்பதை அதற்கு முன்பே தேதியோடு எழுதிக் கொடுத்து, அது கோப்பில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஹிப்னாசிஸுக்கு முன்னால் கதை சொன்னால் வேண்டாம் என்று நிறுத்திவிடுங்கள். "பார்க்கவில்லை" என்று எழுதியதை யார் வற்புறுத்தினாலும் மாற்றாதீர்கள். அந்த வீடியோவின் பிரதி கேட்டு நான் அதே ஜன்னலில் போட்ட விண்ணப்பத்துக்கு, வழக்கு முடிந்த பிறகும், "பரிசீலனையில்" என்றுதான் பதில் வருகிறது.