78 டிகிரி வடக்கில் ஒரு தகர டப்பா

ஜூலை 3, 2025

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இறங்கியாயிற்று. ஊரின் பெயர் லாங்யர்பியன். விடுதி வாசலிலேயே காலணியைக் கழற்றச் சொல்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் காலில் கரித்தூளோடு வீடு திரும்பிய காலத்து வழக்கமாம். சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, வழக்கம் மட்டும் நிற்கிறது.

சட்டைப்பையில் ஒரு டிராவல் பக் இருக்கிறது. எண் பொறித்த சின்ன உலோகத் தகடு, கைமாறிக் கைமாறிப் பயணம் போவது. போன ஆண்டு வேறொரு நாட்டில் ஒரு ஜியோகேச்சிலிருந்து, அதாவது ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடும் விளையாட்டுக்காக யாரோ ஒளித்து வைத்த பெட்டியிலிருந்து, எடுத்தேன். "முடிந்த அளவு வடக்கே போக வேண்டும்" என்பது அதை அனுப்பியவரின் விருப்பம். ஆகவே இந்தப் பயணத்தில் உண்மையான பயணி அதுதான். நான் சுமைகூலி.

ஜூலை 4

முதல் தேடல் ஊருக்குள்ளேயே. சூரியன் மறையாத பருவம் என்பதால் அவசரமில்லாமல் இரவு பதினொரு மணிக்குக் கிளம்பினேன். யாரும் பார்க்காத நேரம் என்று கணக்குப் போட்டது என் முட்டாள்தனம். நடுப்பகல் போல வெளிச்சம், தெருவெல்லாம் ஆட்கள். இந்த விளையாட்டை அறியாதவர்களை நாங்கள் 'மகிள்' என்போம். அவர்கள் கண்ணில் படாமல் தேடுவதுதான் மரியாதை. நான் ஒரு கம்பத்தை மூன்றாம் முறை சுற்றிவந்தபோது சைக்கிளில் போன சிறுவன் ஒருவன் நின்றான். "அந்த டப்பாவையா தேடுகிறீர்கள்? அந்தப் பக்கம், கீழே" என்று கைகாட்டிவிட்டுப் போனான். பத்து வயதுகூட இருக்காது.

ஃபிலிம் டப்பா அளவுதான். சுருட்டி வைத்த காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதினேன். தகடு உள்ளே போகவில்லை.

இங்கே ஜிபிஎஸ் கருவியைப் பார்ப்பதே தனி வேடிக்கை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே வருகின்றன அல்லவா? நிலநடுக்கோட்டில் தீர்க்கரேகை எண்ணின் கடைசி இலக்கம், அதாவது ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1.85 மீட்டர். இங்கே அதே இலக்கம் 38 சென்டிமீட்டர்தான். கிழக்கே நான்கு எட்டு வைத்தால் எண்கள் டாக்ஸி மீட்டர் போல ஓடுகின்றன. வடக்கே நடந்தால் பழைய நிதானம். முதல் அரை மணி நேரம் கருவி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஜூலை 5

இன்றைக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பள்ளத்தாக்கின் மேல்முனையில், பழைய சுரங்கம் ஒன்றுக்குக் கீழே ஒரு கேச். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி ஆபத்து உண்டு என்பதால், துப்பாக்கியோடு வரும் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டேன். கரடியைத் தேடிப் போகவும் கூடாது, நெருங்கவும் கூடாது. இந்த ஆண்டு முதல் குறைந்தது 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று சட்டம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை அது 500 மீட்டர்.

சரிவில் கம்பியில் கரி வாளிகள் தொங்கிப் போன காலத்து மரக்கால்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. நான் கருவியைப் பார்த்தபடியே நடந்தேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 55 டிகிரி சாய்ந்தது. அதனால் இவ்வளவு வடக்கில் எந்தக் கோளும் உச்சிக்கு வருவதில்லை, எல்லாம் சற்றுத் தாழ்வாகவே தெரிகின்றன. இரண்டு பக்கமும் மலை என்றால் பாதிக் கோள்கள் மறைந்துவிடும். அம்புக்குறி இருபது மீட்டர் இங்கும் அங்கும் தாவியது. தாவிய திசையெல்லாம் நானும் தாவினேன். கடைசியில் ஒரு மரக்காலின் அடியில், கல்லிடுக்கில், துருப்பிடித்த தகர டப்பா. மூடியோடு. இருபது ஆண்டுகளாகத் தேடிப் பழகிய கண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான ஒளிவிடம் கிடையாது. குனிந்து எடுத்தேவிட்டேன்.

"அதை அப்படியே வையுங்கள்" என்றார் வழிகாட்டி. குரல் உயரவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர் மெல்லப் பேசினாலும் நன்றாகவே கேட்கிறது.

ஸ்வால்பார்டில் 1945 வரையான மனிதத் தடயம் எதுவானாலும் பாதுகாக்கப்பட்ட தொல்பொருள். கட்டடம் மட்டுமல்ல, ஆணி, உடைந்த வாளி, யாரோ தின்றுவிட்டு எறிந்த டப்பா எல்லாம் அதில் சேரும். நிலத்தில் நிலையாக நிற்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை பாதுகாப்பு வட்டம். அந்த டப்பா உண்மையிலேயே அவ்வளவு பழையதா என்று கேட்டேன். "தெரியாது. தெரியாததால்தான் தொடக்கூடாது" என்றார். எந்தக் கோணத்தில் இருந்தது என்று நினைவுபடுத்தித் திரும்ப வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இந்த விளையாட்டு எனக்குக் கற்றுக்கொடுத்ததே டப்பாக்களைச் சந்தேகிப்பதும் கற்களைப் புரட்டுவதும்தான். அதே இரண்டும் இங்கே குற்றம். விடுதிக்கு வந்து அந்தக் கேச்சின் இணையப் பக்கத்தை மறுபடி திறந்தேன். "மரக்கால்களின் அருகே போகவே வேண்டாம். எந்தக் கல்லையும் நகர்த்தத் தேவையில்லை" என்று இரண்டாம் பத்தியில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் எண்களை மட்டும் இறக்கிக்கொண்டு போயிருந்தேன்.

'கிடைக்கவில்லை' என்று பதிவிட்டேன். பலர் தோல்வியைப் பதிவதில்லை. எனக்கு அது பிடிக்காது. அடுத்து வருபவருக்கு அதுவும் ஒரு தகவல். டப்பாவைத் தொட்டதையும் சேர்த்தே எழுதினேன்.

ஜூலை 6

கால்வலி. உலகின் பயிர் விதைகளைச் சேமித்து வைக்கும் விதைப் பெட்டகத்தின் வாசல்வரை டாக்ஸியில் போய் வந்தேன். உள்ளே விடமாட்டார்கள். மலையில் செருகி வைத்த கான்கிரீட் ஆப்பு போன்ற முகப்பு மட்டும் தெரிகிறது. 2008இல் திறந்தது.

கேச் தேடுகிறவன் கண்ணுக்கு இது என்னவாகத் தெரியும்? பெயர் ஒட்டிய பெட்டிகள், மலைக்குள் 100 மீட்டருக்கு மேல் ஆழத்தில், வைத்தவர் மட்டுமே திறக்கலாம். முதன்முதலில் வெளியே எடுத்தது 2015இல். சிரியாவில் அலெப்போ அருகே இருந்த தன் விதை வங்கி போரில் சிக்கியதால் இக்கார்டா என்ற ஆய்வு மையம் தான் வைத்ததைத் திரும்பக் கேட்டது. அந்த விதைகளை விதைத்துப் பெருக்கி 2017இல் புதிய விதைகளைக் கொண்டுவந்து வைத்தது. ஒன்றை எடுத்தால் ஒன்றை வை என்பது எங்கள் விளையாட்டின் ஆதி விதி. 2000 மே 3ஆம் தேதி அமெரிக்காவின் ஆரிகனில் டேவ் உல்மர் காட்டில் ஒரு வாளியைப் புதைத்தபோதே வந்தது. அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்த பிழையை நீக்கி அப்போது ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் பெரும்பாலும் ரப்பர் பொம்மையை எடுத்துச் சாவிவளையத்தை வைப்போம்.

ஜூலை 7

காலையில் கேச்சின் உரிமையாளரிடமிருந்து ஒரே வரி: "பெட்டி இருக்கிறது. போன வாரம் பார்த்தேன்." டப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது மன்னிப்பா கோபமா என்று தெரியவில்லை.

பனியாறு தள்ளிவிட்ட கல்மேட்டில் ஒரு எர்த்கேச். இதில் பெட்டியே கிடையாது. இடத்தைப் பார்த்து, நிலவியல் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். வழிகாட்டி நேற்று முன்தினம் வந்தவரே. "இங்கே நீங்கள் கல்லைப் புரட்டலாம்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மூன்றாவது கல்லிலேயே இலை. அகன்ற இலை, நரம்புகள் எல்லாம் அச்சுப் போட்டதுபோல. ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இருந்தது. இன்றைக்கு இந்த ஊரில் கணுக்காலுக்கு மேல் வளரும் செடியைக் காண்பதே அரிது.

திரும்பும் வழியில் ஆர்க்டிக் ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் தலையைக் கொத்த வந்தன. உயரமான இடத்தைத்தான் தாக்கும் என்று நடைக்கம்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஓடினேன். கம்பு தப்பவில்லை.

ஜூலை 8

நாளை புறப்பாடு. தகடு இன்னும் பையிலேயே இருக்கிறது. அது கொள்ளும் அளவுள்ள ஒரே பெட்டி அந்த மரக்கால்களுக்குப் பக்கத்தில் எங்கோ. இன்னொரு முறை போக நேரமில்லை, முகமும் இல்லை.

இரவு உணவு மேசையில் எதிரே இருந்த அம்மையாரின் பையில் தொங்கிய கருவியைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். அவரும் எங்கள் ஆள்தான். கப்பலில் நி-ஓலசுண்டு என்ற ஊருக்குப் போகிறார், 78 டிகிரி 55 நிமிடம். வானொலி அலைகளை ஆராயும் இடம் என்பதால் அங்கே வைஃபையும் புளூடூத்தும் அணைத்துவிட வேண்டும். "கவலையில்லை. என் கருவி காது மட்டும் உள்ளது, வாய் இல்லை" என்றார். தகட்டை அவர் கையில் வைத்தேன். எண்ணை இரண்டு முறை சரிபார்த்து வாங்கிக்கொண்டார்.

ஜூலை 14

வீடு. அம்மையாரிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. துருவப் பயணி ஆமுண்ட்சனின் மார்பளவுச் சிலையின் பீடத்தில் என் தகடு, ஓரத்தில் அவருடைய கையுறை. "வைத்து எடுத்துக்கொண்டேன். பீடத்தில் கீறல் விழவில்லை" என்று கீழே எழுதியிருக்கிறார். என் பதிவைப் படித்திருக்கிறார் போல.