கார்டுல போட்ட டிப்ஸ் யாரோட காசு

இங்கிலாந்துல படிச்சிட்டு இருந்தப்ப வெள்ளி, சனி சாயங்காலம் ஒரு ரெஸ்டாரண்ட்ல சர்வரா வேலை பார்த்தேன். ராத்திரி கடை மூடினதும் கார்டு மெஷின்ல அன்னிக்கு கணக்கு அடிப்பாங்க, நீளமா ஒரு பேப்பர் வரும், அதுல கீழ டிப்ஸ்னு தனியா ஒரு வரி இருக்கும். ஒரு சனிக்கிழமை அந்த பேப்பர கிழிச்சு எடுத்துட்டு வரச் சொன்னது என்னைத்தான். 186 பவுண்ட். ஆறு பேரு நிக்க நேரமில்லாம ஓடின ராத்திரி அது. மேனேஜர் பேப்பர வாங்கி நாலா மடிச்சு கல்லாக்குள்ள வச்சு பூட்டினார், அவ்ளோதான், அதுக்கப்புறம் அந்தக் காசப் பத்தி ஒரு பேச்சும் இல்ல.

பாத்திரம் கழுவற யாழ்ப்பாணத்து அண்ணன்கிட்ட போய் சொன்னேன். "உதெல்லாம் கேக்காதேங்கோ தம்பி, கேட்டா ஷிஃப்ட்ட வெட்டிப் போடுவாங்கள்"ன்னார். சுடுதண்ணியிலயே கிடந்து அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்து சுருங்கிப் போயிருந்துச்சு.

குடுத்தவங்களச் சொல்லி என்ன பண்றது. ஒரு அம்மா "இது உனக்குத்தானே வரும்?"னு கேட்டுட்டுதான் கார்டையே வச்சாங்க. மேனேஜர் பக்கத்துல நிக்கறார், நான் ஆமான்னு தலையாட்டினேன். அந்தப் பொய் இன்னிக்கும் உறுத்துது.

அப்ப சட்டமும் எங்களுக்கு சாதகமா இல்ல. கையில ரொக்கமா குடுத்தா அது உன் காசு, கார்டுல போட்டா முதல்ல ஓனர் அக்கவுண்டுக்குப் போகுது, அதனால ஓனர் காசு. இதை எதிர்த்து அங்க சில வெயிட்டர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 2002ல அங்கயும் தோத்தாங்க. அதவிடக் கொடுமை, சம்பளத்தோட சேர்த்து வர்ற டிப்ஸ காட்டியே குறைந்தபட்ச கூலிய நிரப்பிக்கலாம்னு வேற இருந்துச்சு, அது 2009 அக்டோபர்லதான் நின்னுச்சு.

டிப்ஸுக்குன்னே தனிச் சட்டம் 2023ல போட்டாங்க, 2024 அக்டோபர் 1லேர்ந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணுலயும் அமல்ல இருக்கு. பில்லுல வர்ற சர்வீஸ் சார்ஜும் சேர்த்து, ஓனர் கைக்கு வர்ற டிப்ஸ் முழுசும் வேலை செய்றவங்களுக்குப் போகணும், வரிய தவிர வேற எதையும் பிடிக்கக் கூடாது, கார்டு மெஷின் கமிஷன்கூட. ஜூன்ல வந்த காசு ஜூலை முடியறதுக்குள்ள கைக்கு வந்துரணும். ஏஜென்சி மூலமா வர்றவங்களுக்கும் பங்கு உண்டு. எல்லாருக்கும் சமமா பிரிக்கணும்னு சொல்லல, நியாயமா பிரிக்கணும், எப்படி பிரிக்கறோம்னு எழுதி வைக்கணும்னு சொல்லுது. இந்த 'நியாயமா' எனக்குப் புடிச்சிருக்கு, ஏன்னா கஸ்டமர் முகத்தப் பாக்கறது நாங்க, ஆனா தட்டு சுத்தமா வரலேன்னா எங்க சிரிப்புக்கு யாரு டிப்ஸ் குடுப்பா, அந்த அண்ணனுக்குப் பங்கு இல்லாத எந்தக் கணக்கும் எனக்கு நியாயமா படாது.

ஆனா இதுல எனக்கு முக்கியமாப் படறது கணக்கு கேக்கற உரிமைதான். டிப்ஸ் எவ்வளவு வந்துச்சு, யாருக்கு எவ்வளவு போச்சுன்னு ஓனர் 3 வருஷத்துக்கு கணக்கு வச்சிருக்கணும். கடைக்கு வந்த மொத்தம் எவ்வளவு, எனக்குன்னு ஒதுக்கினது எவ்வளவுன்னு எழுத்துல கேட்டா 4 வாரத்துல பதில் தரணும், 3 மாசத்துக்கு ஒரு தடவை கேக்கலாம். காசு வரலேன்னா 12 மாசத்துக்குள்ள தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதுக்கு முன்னாடி ஏகாஸ்ல (வேலைத் தகராறுகளப் பேசித் தீர்க்கற அமைப்பு, Acas) சமரசத்துக்குப் பதிவு பண்ணணும், ஜெயிச்சா 5,000 பவுண்ட் வரைக்கும் நஷ்டஈடு தரச் சொல்லலாம்.

என் கோவமும் இங்கதான் இருக்கு. கேக்க வேண்டியது யாரு? அடுத்த வாரம் எத்தன ஷிஃப்ட் கிடைக்கும்னு ரோட்டாவ, அதாவது ஷிஃப்ட் பட்டியல, பாத்துப் பாத்து வாடகைக்கு கணக்கு போடற பையன், பாஷை சரியா வராத அண்ணன். யாரும் கேக்காமலே ஒரு அதிகாரி வந்து கணக்குப் புத்தகத்த எடுன்னு சொன்னாத்தான் இது முழுச் சட்டம்.

என் சித்தி பொண்ணு இப்ப அங்க ஒரு ஹோட்டல்ல வேலை பாக்குறா. போன மாசம் பேஸ்லிப்ப அனுப்பி "அண்ணா, டிப்ஸ்லேர்ந்து மெஷின் சார்ஜ்னு கழிச்சிருக்காங்க, இது சரியா?"ன்னு கேட்டா. ரெண்டு பேரும் போன்லயே உக்காந்து நாலு வரியில மெயில் எழுதினோம், எந்தெந்த மாசத்துக் கணக்கு வேணும்னு தெளிவா போட்டு. சென்ட் அழுத்தறதுக்கு முன்னாடி அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "அனுப்பிட்டேண்ணா"ன்னா. நேத்தோட பதினெட்டு நாள் ஆச்சு, இன்னும் பதில் வரல, ஷிஃப்ட்டும் இதுவரைக்கும் குறையல.