சைக்கிள்ல பத்து நிமிஷம் போனா ஊர் தாண்டிடும்

ஜப்பான்ல எங்க இருக்கேன்னு யாராச்சும் கேட்டா டோக்கியோன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். நெசத்துல இருக்கிறது வராபி, சைதாமா மாகாணம். மொத தடவை ஃபோன்ல சொன்னப்ப அம்மா "வாராஹி அம்மன் பேராடா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, அது ஒரு பெரணிச் செடி, தளிரை இங்க சமைச்சு சாப்பிடுவாங்கன்னேன். கீரை மாதிரியான்னாங்க. ஆமான்னு சொல்லி விட்டுட்டேன்.

டோக்கியோல வேலை பாக்கிற நம்மாளுங்க நிறைய பேர் நிஷி கசாய் பக்கம் வீடு பாப்பாங்க. நான் வாடகைக்கு பயந்து அரகாவா ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்தவன். வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, நகரம்னு அந்தஸ்து உள்ள ஊர்கள்லயே ஜப்பான்ல பரப்பளவுல சின்னது இதுதானாம், 5.11 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள சுமார் 75,000 பேர். பக்கத்துல ஹதோகயான்னு இதை விட ஒரு சுத்து பெரிய ஊர் இருந்துச்சு, 2011-ல அதை கவாகுச்சிங்கிற பெரிய பக்கத்து நகரம் முழுங்கிடுச்சு. வராபியும் அதோட சேர வேண்டியதுதான், மூணு ஊரையும் ஒண்ணாக்கலாம்னு 2004 வாக்குல பேச்சு நடந்து, புது நகரத்துக்கு என்ன பேர் வைக்கிறதுங்கிற சண்டையில எல்லாம் கலைஞ்சு போச்சு. பேருக்கு சண்டை போடறதுல நம்மூரு தோத்துடும் போல.

இந்த எல்லை விஷயம்தான் எனக்கு இங்க ரொம்ப பிடிச்சது. காய்கறி வாங்க சைக்கிள்ல கிளம்பினா கவாகுச்சில இருப்பேன், பல் டாக்டர்கிட்ட போனா தோதாங்கிற இன்னொரு பக்கத்து ஊர்ல இருப்பேன், எப்ப தாண்டினேன்னே தெரியாது. ஆர்ச்சு கிடையாது, தோரணம் கிடையாது. கண்டுபிடிக்க ஒரே வழி தரையைப் பாக்கிறது. ரோட்டுல இருக்கிற சாக்கடை மூடி ஒவ்வொரு ஊருக்கும் வேற, அவங்கவங்க நகராட்சி சின்னம் பதிச்சிருக்கும். மூடி மாறிச்சுன்னா ஊர் மாறிச்சு. குப்பை போடற விதியும் அங்கயே மாறிடும், அதனால எதிர் வீட்டுக்காரங்க வெளிய வைக்கிறதைப் பாத்து நாமளும் வெச்சோம்னா தொலைஞ்சோம். எனக்கு அப்படித்தான் ஒரு மூட்டை சிவப்பு ஸ்டிக்கரோட வாசல்லயே கிடந்துச்சு, ரெண்டு நாளு தெருவுல தலை நிமிந்து நடக்கல.

இவ்ளோண்டு ஊருக்கு சரித்திரம் மட்டும் ஏகத்துக்கு இருக்கு. எடோ காலத்துல (1603-1868) டோக்கியோலருந்து கியோட்டோவுக்கு மலை வழியா போற நகசெண்டோ பாதையில ரெண்டாவது சத்திர ஊர் இது, மொத ஊர் இதபாஷி. அந்தப் பழைய தெருல இப்பவும் நடக்கலாம், அருங்காட்சியகம் கூட இருக்கு, டிக்கெட் கிடையாது. அப்புறம் நெசவு. ஆகஸ்ட் தொடக்கத்துல ஸ்டேஷன் மேற்கு வாசல்ல தறிப் பேர்லயே திருவிழா நடக்கும், தெரு முழுக்க கலர் கலரா காகிதம் தொங்கும். நம்ம பக்கத்துல தறிச் சத்தத்துல வளந்தவங்களுக்கு இது கொஞ்சம் நெஞ்சைத் தொடும்.

ஆனா ஊர்க்காரங்க பெருமையா சொல்றது வேற. போர்ல தோத்து ஊரே சோர்ந்து கிடந்த 1946 நவம்பர்ல, இங்க உள்ள இளைஞர் சங்கத்துக்காரங்க பள்ளிக்கூட மைதானத்துல கூடாரம் போட்டு பெரியவங்களாகிற வயசை எட்டின இளைஞர்களை வாழ்த்தி ஒரு விழா நடத்தினாங்க. அதுதான் ஜப்பான் முழுக்க ஜனவரில கிமோனோ கட்டிக்கிட்டு நடக்குதே, அந்த விழாவுக்கு வித்து. இங்க மட்டும் இன்னும் அதைப் பழைய பேர்லயே கூப்பிடறாங்க. பூங்கால சிலை கூட இருக்கு.

இப்ப ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு, வராபிஸ்தான். துருக்கிலருந்து வந்த குர்து ஜனங்க 90-கள்லருந்து இந்தப் பக்கம் இருக்காங்க, நிறைய பேருக்கு பழைய கட்டடம் இடிக்கிற வேலை. வேடிக்கை என்னன்னா அவங்கள்ல பெரும்பாலானவங்க வீடு கவாகுச்சில, ஸ்டேஷன் மட்டும்தான் வராபி! பேர் வராபிக்கு. ஸ்டேஷன் பக்கத்துல சீனாக்காரங்க நிறைய இருக்கிற ஷிபசோனோ குடியிருப்பும் கவாகுச்சி கணக்குதான். இணையத்துல இவங்களைப் பத்தி வர்ற வெறுப்புப் பேச்செல்லாம் எனக்கு சகிக்கல. நான் கபாப் வாங்கற கடைக்காரர் என்னைப் பாத்ததும் மிளகாய் கூட போட்டுத் தருவாரு, கேக்கக் கூட வேண்டாம்.

புதுசா குடி வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். இங்க நிக்கிறது கெய்ஹின் தோஹோக்கு லைன் ஒண்ணுதான், பக்கத்துத் தண்டவாளத்துல வேக வண்டியெல்லாம் நம்மளைக் கண்டுக்காம பறக்கும். ராத்திரி திரும்பறப்ப ஓமியா வரைக்கும் போற வண்டில ஏறாதீங்க. தூங்கிட்டா வராபிக்கு அப்புறம் ஆறு ஸ்டேஷன் தள்ளி முழிப்பீங்க, நான் முழிச்சிருக்கேன், மூணு தடவை. மினாமி உராவா வரைக்கும் மட்டும் போற வண்டியா பாத்து ஏறுங்க. அது அடுத்த ஸ்டேஷன், அங்க அவங்களே தட்டி எழுப்பி இறக்கி விட்டுடுவாங்க.