கோயம்பேட்டிலிருந்து தம்பி வந்த பிறகு

2020 மே மாதம் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் கொரோனா என்ற பேரைவிடக் கோயம்பேடு என்ற பேர்தான் அதிகம் அடிபட்டது. ஏப்ரல் கடைசி வரைக்கும் எங்கள் மாவட்டத்தில் நோய் கட்டுக்குள்தான் இருந்தது. மே 4 அன்று ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் உறுதியானது. அதில் பெரும்பாலானவர்கள் சென்னைக் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர்கள். என் தம்பியும் அதே மார்க்கெட்டிலிருந்து திரும்பியவன்தான்.

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். வீட்டுக்கு வீடு முந்திரி உடைப்போம். அதில் வருகிற கூலி போதாமல் ஆம்பளைப் பிள்ளைகள் சென்னைக்கு லோடு வேலைக்குப் போவது பழைய வழக்கம். அந்த ஏப்ரலில் சென்னையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25-ஆம் தேதி மார்க்கெட்டில் ஜனம் தேர்த் திருவிழா மாதிரி குவிந்துவிட்டது. "அன்னிக்கு இறக்குன மூட்டைக்கு கணக்கே இல்லக்கா, ஆள் மேல ஆள் இடிச்சிக்கிட்டு நின்னாங்க" என்று தம்பி பிற்பாடு சொன்னான். மே 5-இல் மார்க்கெட்டையே மூடினார்கள். படுக்கக் கடை மாடி, சாப்பிட தள்ளுவண்டி என்று இருந்தவர்களுக்கு இரண்டும் போய்விட்டது. பஸ், ரயில் மார்ச்சிலேயே நின்றாயிற்று. ஓடிக்கொண்டிருந்தது அத்தியாவசியச் சரக்கு வண்டிதான். பலாப்பழம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து வந்தார்கள். அவர்களை ஊருக்குள் நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று பேசியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை: வேறு எப்படி வந்திருக்க முடியும்?

அவன் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஊராட்சித் தலைவரம்மா தெருவில் நின்றார். உள்ளே வரவில்லை, ஆனால் குரலில் அதட்டலும் இல்லை. "தம்பி, ஒங்கூட அந்த லாரியில யார் யார் வந்தது? எங்கெங்க நிறுத்துனாங்க? டீ எங்க குடிச்சீங்க?" என்று கேட்டுக்கேட்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தன் கையால் எழுதிக்கொண்டார். கூட வந்தவர்களில் இரண்டு பேர் அடுத்த ஊர்க்காரர்கள். அந்த ஊர்த் தலைவருக்கு அங்கேயே நின்று போன் போட்டார். விஏஓவும் சுகாதார ஆய்வாளரும் வருவதற்குள் பட்டியல் தயாராக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2016-க்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்களே இல்லை. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6-இல் பதவி ஏற்றார்கள். கடலூர் அந்த 27-இல் ஒன்று. பக்கத்து விழுப்புரம் அதில் இல்லை. அங்கே அப்போதும் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். என் சித்தி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறார். அவர் தெருவையும் அதே மாதம் அடைத்தார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாமல் எனக்குத்தான் போன் செய்வார். ஒன்றிய அலுவலகம் தொலைவில், போனை எடுக்க ஆளில்லை. எங்கள் தலைவரம்மா பதவிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கும் எல்லாம் புதுசுதான். ஆனால் அவர் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது, ஓட்டுக் கேட்டு வந்த வாசல்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இருந்தது. அந்த மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அன்று சாயங்காலமே வேன் வந்து, வந்தவர்கள் எல்லோரையும் ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனது. வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கி, ஆளுக்கொரு பாய், ஒரு வாளி, ஒரு மக்கு. காலையில் கபசுரக் குடிநீர், மதியம் சாப்பாட்டோடு முட்டை. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். அதன் பிறகு வந்த காத்திருப்புதான் மோசம். பட்டியலில் பேரும் ஊரும் மட்டும்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் ஒன்றியத்திலேயே தம்பி பேரில் இன்னொரு பையன் இருந்தான். அவனும் கோயம்பேட்டிலிருந்து வந்தவன்தான். 'உங்க தம்பிக்கு இல்லை' என்று ஒரு போன், கொஞ்ச நேரம் கழித்து 'இருக்கு' என்று இன்னொரு போன். அம்மா ஒரு தடவை சாமி விளக்கு ஏற்றி, மறுபடி அழுது, எதை நம்புவது என்று தெரியாமல் இருந்தார். விஏஓதான் ரேஷன் கார்டில் இருந்த அப்பா பேரையும் ஆதாரின் கடைசி நாலு எண்ணையும் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்தார். தம்பிக்குத்தான் உறுதி. இனி எந்த நோய் வந்தாலும், பட்டியல் எழுதுகிறவர்கள் அப்பா பேரும் போன் நம்பரும் இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

108-இல் ஏற்றிச் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்குப் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. லேசான காய்ச்சல், வாயில் ருசி இல்லை, அவ்வளவுதான். வார்டில் முக்கால்வாசிப் பேர் அவனைப் போன்ற லோடுமேன்கள்தான். விக்கிரவாண்டிக்காரர், விருத்தாசலத்துக்காரர் என்று பழகிய முகங்கள் நிறைய இருந்ததால் பயம் குறைந்தது என்று சொல்வான்.

பயம் எங்கள் தெருவில்தான் இருந்தது. மறுநாளே தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டுத் தகரம் அடித்தார்கள். 'தடை செய்யப்பட்ட பகுதி' என்று பிளக்ஸ் கட்டினார்கள். டேங்கர் வந்து கிருமிநாசினி அடித்துவிட்டுப் போனது. வாசல் வாசலாக பிளீச்சிங் பவுடர் கோடு. இவ்வளவும் விதிப்படி நடந்தவை, எனக்கு அதில் வருத்தம் இல்லை. யாரோ தம்பியின் பேர், அப்பா பேர், தெருப் பேர் எல்லாம் இருந்த தாளைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டதுதான் நெஞ்சில் அடித்தது. மூன்று ஊர் தாண்டி இருந்த என் நாத்தனார் வீடு வரைக்கும் அது போய்விட்டது. தலைவரம்மா ஊர்க் குரூப்பிலேயே குரல் பதிவு போட்டு, அதை அழிக்கச் சொன்னார். அழித்தார்கள். ஆனால் போனது போனதுதான்.

அடைபட்ட தெருவுக்குள் என்ன நடந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியாது. கிராம சுகாதார செவிலியர் தினமும் காலையில் தகரத்தைத் தாண்டி வருவார். வீட்டுக்கு வீடு நெற்றிக்கு நேரே கருவியை நீட்டி, "காய்ச்சல்? இருமல்? மூச்சு வாங்குதா? வயசானவங்க சாப்பிட்டாங்களா?" என்று நாலு கேள்வி. சத்து மாத்திரை, கபசுரக் குடிநீர்ப் பொட்டலம். எங்கள் சாமான் எல்லாம் தூய்மைக் காவலர் பெண்கள் இருவர் வாங்கி வந்து தகரத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்குக் கையுறை ஒரு தடவை கொடுத்தார்கள், அது கிழிந்த பிறகு பால் கவரைக் கையில் கட்டிக்கொண்டு எங்கள் தெருக் குப்பையை அள்ளினார்கள். ரேஷனில் அந்த மாதங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம். அதுவும் வந்துவிட்டது. ஏப்ரலில் கொடுத்த 1000 ரூபாய் அதற்குள் கரைந்திருந்தது.

வராதது கூலி. மே மாதம் முந்திரிக்கு உச்ச சீசன். எங்கள் வீட்டில் வறுத்த கொட்டை மூட்டையாகக் கிடந்தது. அம்மா உடைத்துக்கொண்டேதான் இருந்தார். கொட்டைப் பால் பட்டுப்பட்டு அவர் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் வெடித்திருக்கும். சாம்பலில் தோய்த்துக்கொண்டுதான் உடைப்பார். அந்த விரலில் சானிடைசர் போட்டால் எரியும். ஆனாலும் வியாபாரி வாங்கினால் போதும் என்று ஒவ்வொரு தடவையும் போட்டுக்கொண்டு உடைத்தார். வியாபாரி வாங்கவில்லை. 'அந்தத் தெருப் பருப்பு வேணாம்' என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். எதிர்வீட்டில் இரண்டு கறவை மாடு, காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பம். அந்தப் பாலையும் எடுக்கவில்லை. தெருவுக்குள்ளேயே கொடுத்தார்கள், காசு யாரிடம் கேட்பது? நூறு நாள் வேலை அந்த மாதத்தில் மற்ற இடங்களில் மறுபடி தொடங்கியது. தினக்கூலி 256 ரூபாய் என்று உயர்த்தியிருந்தார்கள். அடைத்த பகுதிக்கு மட்டும் கிடையாது. நோய் பரவாமல் ஊருக்காகத்தானே எங்களை உள்ளே வைத்தார்கள்? அப்படியென்றால் அந்த நாட்களுக்குக் கூலி தருவது ஊரின் கடமை, அரசின் கடமை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் எனக்கும் சோதனை எடுத்தார்கள், இரண்டு பேருக்கும் இல்லை என்று வந்தது. தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை. அடுத்த சிக்கல் தம்பி திரும்பியபோது வந்தது.

முதலில் இருந்த விதிப்படி, இரண்டு தடவை சோதித்து இரண்டிலும் இல்லை என்று வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மே 8-இல் மத்திய சுகாதாரத் துறை அதை மாற்றியது. லேசான அறிகுறி உள்ளவர்கள், அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லை என்றால் மறுசோதனை இல்லாமலே வீடு போகலாம், அதன் பிறகு ஏழு நாள் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். தம்பி இந்தப் புது விதியில் வந்தவன். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது, 'நெகட்டிவ்' என்று எழுதிய தாள் இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஊரே திரண்டு நின்றது. "நெகட்டிவ் சீட்டு எங்க? அது இல்லாம உள்ள விட மாட்டோம்." அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. போன வாரம் வரைக்கும் அதுதானே விதி? மாறியதை யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. டிவியில் எண்ணிக்கை சொன்னார்கள், விதி மாறியதைச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

தலைவரம்மா கத்தவில்லை. வட்டார மருத்துவ அலுவலரை வரவழைத்தார். அவர் தகரத்துக்குப் பக்கத்தில் நின்று சுற்றறிக்கையைத் தமிழில் சொன்னார். பத்து நாளுக்குப் பிறகு உடம்பில் செத்த கிருமியின் மிச்சம் இருந்தாலும் சோதனை 'பாசிட்டிவ்' காட்டும், அதனால் பிறருக்கு ஒட்டாது என்பதைப் பொறுமையாக விளக்கினார். ஒரு பெரியவர், "அப்ப நீங்க அவன் பக்கத்துல நிப்பீங்களா?" என்று கேட்டார். டாக்டர் மாஸ்க்கோடு தம்பி பக்கத்தில் போய் நின்று, அவன் கைப்பையை வாங்கிப் பார்த்து, மாத்திரை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கூட்டம் தானாகக் கலைந்தது.

ஆனால் வீட்டில் தனியாக இருக்க வேண்டும் என்ற விதியை எழுதியவர்களுக்கு எங்கள் வீடு தெரியாது. ஒரே அறை, ஒரு திண்ணை, மூன்று பேர், பின்பக்கம் ஒரு கழிப்பறை. எங்கே தனியாக இருப்பது? தலைவரம்மா ஊராட்சி சேவை மையக் கட்டடத்தைத் திறந்து, கழிப்பறையோடு அவனுக்குக் கொடுத்தார். டேங்க் ஆபரேட்டர் அண்ணன் அங்கே தண்ணீர் விட்டார். நான் சாப்பாட்டைப் படியில் வைப்பேன், அவன் ஜன்னல் வழியாகப் பேசுவான். அடுத்து ஊர் திரும்பியவர்களுக்கும் அந்தக் கட்டடம்தான் உதவியது.

செப்டம்பர் 28-இல் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை மறுபடி திறந்தார்கள். தம்பி போனான், வேறு வழி இல்லை. வியாபாரி அதற்கு முன்பே பருப்பை வாங்கிவிட்டார், விலையைக் குறைத்துத்தான்.

கூலி விஷயத்தைக் கிராம சபையில் கேட்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். 2020 அக்டோபர் 2 கிராம சபையைத் தொற்றைக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். அடுத்த வருடம் அக்டோபர் 2-இல் நடந்தது. எழுந்து நின்று இரண்டு கேட்டேன். தடை செய்த பகுதிக் குடும்பங்களுக்கு, அடைத்த நாட்களுக்கு நூறு நாள் வேலைக் கூலி தர வேண்டும். நோயாளி பேர் உள்ள தாளை வெளியில் விடுகிறவர் மேல் நடவடிக்கை வேண்டும். தலைவரம்மா இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார், ஊராட்சிச் செயலர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். தீர்மானத்தின் நகல் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது. பதில் வரவில்லை. எதிர்வீட்டு அக்காவும் நானும் அந்த நகலை வைத்து மாவட்ட ஆட்சியரிடம் திங்கள்கிழமை மனு கொடுத்திருக்கிறோம், ஒப்புகைச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.