4.48 என்பது 4.5 ஆகாது

ஓய்வூதியர் சங்கம் ஒன்றுக்காகச் செய்த இணையதளம் மூன்றாவது தடவைதான் அணுகல் சோதனையில், அதாவது பார்வைக் குறைபாடு போன்ற சிரமம் உள்ளவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் சோதனையில், தேறியது. முதல் இரண்டு தடவையும் கவிழ்த்தது ஒரு சாம்பல் நிறம்.

டிசைனர் கொடுத்த எழுத்து நிறத்தின் குறியீடு #999999, ஒரு வெளிர் சாம்பல். வெள்ளைப் பின்னணியில் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு விகிதம், 2.85தான். இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி; அதன் ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும். சரி என்று கொஞ்சம் அடர்த்தியான #777777 ஆக்கினேன். 4.48 வந்தது. 0.02தானே குறைவு, 4.5 என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று அனுப்பிவிட்டேன். உடனே திரும்பி வந்தது. விதியின் விளக்கத்தைத் தேடிப் படித்தேன்: 4.499 இருந்தாலும் தேறாது என்றே எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரம் போனது.

அப்புறம் #767676. வெள்ளையில் 4.54, நிம்மதி. ஆனால் பக்கத்தின் அடிப்பகுதிக்கு நாங்கள் இளஞ்சாம்பல் பின்னணி வைத்திருந்தோம். அங்கே அதே எழுத்து 4.17க்கு இறங்கிவிட்டது. சங்கத்தின் தொலைபேசி எண் இருந்ததே அங்கேதான்! மறுபடியும் திரும்பியது. தயவுசெய்து ஒவ்வொரு பின்னணியிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். பட்டன்மேல் மவுஸ் போகும்போது மாறும் நிறத்தையும், படிவக் கட்டங்களுக்குள் மங்கலாகத் தெரியும் மாதிரி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள்.

பிழைச் செய்திக்கு வைத்திருந்த பளிச்சென்ற சிவப்பும் மாட்டியது. கண்ணைப் பறிக்கும் நிறம், வெள்ளையில் 4ஐக்கூடத் தொடவில்லை. அடர் சிவப்புக்கு மாற்றி, பக்கத்தில் ‘பிழை’ என்ற சொல்லையும் சேர்த்தேன். சிவப்பைப் பிரித்தறிய முடியாதவர்களும் படிக்க வேண்டுமே.

கடைசியில் #595959. வெள்ளையில் 7, அடிப்பகுதியில் 6.4. எல்லைக்கோட்டில் நிற்காமல் முதலிலேயே இதை எடுத்திருக்கலாம். 24 பிக்சலுக்கு மேற்பட்ட தலைப்புகளுக்கு 3 போதும் என்பதால் அவற்றில் சங்கத்தின் நீலத்தைத் தொடவில்லை.

எண் தேறினாலும் தமிழ் எழுத்துரு மெலிதாக இருந்தால் ‘ண’வின் சுழிகள் கரைந்துபோகின்றன. கான்ட்ராஸ்ட் கணக்கு கோட்டின் தடிமனைப் பார்ப்பதில்லை. அதனால் எழுத்தின் தடிமனை 300இலிருந்து 400 ஆக்கினேன்.

செயலாளர் ஐயாவிடம் போனைக் கொடுத்து, வெயிலில் நின்று பார்க்கச் சொன்னேன். அடிப்பகுதியில் இருந்த எண்ணைத் தடுமாறாமல் படித்துவிட்டு, “தம்பி, இதையே வச்சிரு, மாத்தாதே” என்றார்.